69 வயதில் இன்னொரு நாய் வளர்க்கலாமா?

காவிரிக்கரை, ஸ்ரீரங்கம் – பிப்ரவரி 11, காலை 7.20

வரும் ஏப்ரலில் எனக்கு 69 வயது நிறைகிறது. அஞ்சலகத்தில் 34 ஆண்டு வேலை பார்த்தவள். சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சொந்த வீடு. பிள்ளைகள் இருவரும் வெளியூர். என்னுடன் இருப்பது மணி. நாட்டு நாய், 12 வயது. கொள்ளிடக் கரையில் மழையில் நனைந்து கிடந்த குட்டியை என் வீட்டுக்காரர் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அன்று நான் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும். நாய் என்றால் எனக்கு அவ்வளவு பயம்.

அவர் காலமாகி இரண்டு ஆண்டு ஆகிறது. காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய மறுநாள் காலை ஐந்து மணிக்கு, மணி சங்கிலியைக் கவ்விக்கொண்டு போய் அவருடைய கட்டிலுக்கு அடியில் போட்டது. அவர் அதை நடக்க அழைத்துப்போகும் நேரம் அது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சங்கிலியைக் கையில் எடுத்தேன். அதுவரை பஸ் நிறுத்தத்துக்கு அப்பால் நடந்தறியாதவள் நான்.

முதல் வாரமே எதிர்வீட்டு அக்கா சேர்ந்துகொண்டார். என்னைவிட ஆறு வயது மூத்தவர், அவரும் தனியாக இருந்தவர். நான்கு சித்திரை வீதிகளையும் சுற்றி வர எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். கீழச் சித்திரை வீதியில் தேர் நிற்கும் இடத்தில் சற்று உட்காருவோம். அவர் கையில் எப்போதும் ஒரு மாரி பிஸ்கட் இருக்கும். பாதி மணிக்கு, பாதி தெருமுனைக் கறுப்பு நாய்க்கு.

மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வடிந்து தெரு அமைதியான பிறகு ஒரு நாள், அக்கா கோலம் போட வாசலுக்கு வரவில்லை. நான்தான் போய்க் கதவைத் தட்டினேன்.

மணி இன்னும் அந்த வீட்டுக் கேட்டின் முன்னால் நிற்கிறது. இழுத்தால் வராது. சில நாள் இரண்டு நிமிடம், சில நாள் ஐந்து. நானும் நிற்கிறேன்.

மணிக்குப் பின்னங்கால் தடுமாறுகிறது. கண்ணில் நீலம் பாய்ந்திருக்கிறது. அது போன பிறகு இன்னொரு நாய் வளர்க்கலாமா என்று நினைக்கத் தொடங்கியிருக்கிறேன். மகன் வேண்டாம் என்கிறான். "உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதை யார் பார்ப்பது அம்மா?" என்று கேட்கிறான். கேள்வி நியாயமானது. என்னிடம் பதில் இல்லை. இந்த வயதைக் கடந்தவர்கள் என்ன செய்தீர்கள்?


வேப்பமரத்தடி, மதுரை – பிப்ரவரி 11, காலை 9.05

சகோதரி, வேண்டாம். எனக்கு 74 வயது. பட்டதைச் சொல்கிறேன்.

என்னிடம் வெள்ளை ராஜபாளையம் ஒன்று இருந்தது. பிறவியிலேயே காது கேளாது. அந்த இனத்தில் இது அரிதானதல்ல. கூப்பிட்டால் வராது என்பதால் தரையில் காலால் இரண்டு முறை தட்டுவேன், அதிர்வு அறிந்து வரும். உள்ளங்கையை விரித்துக் காட்டினால் உட்காரும். தட்டைக் கீழே வைத்து அதன் தோளைத் தொட்டால்தான் சாப்பிடும். ஒன்பது ஆண்டு இப்படி எங்களுக்குள் ஒரு மொழி இருந்தது.

மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து நான் 19 நாள் மருத்துவமனையில் கிடந்தேன். வீட்டில் தம்பி மகன் இருந்தான், நல்ல பையன். நேரத்துக்குச் சோறு வைத்தான். தோளைத் தொட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. நான் திரும்பி வந்தபோது அது எலும்பும் தோலுமாக இருந்தது. பிறகு இரண்டு மாதம்தான் உயிரோடு இருந்தது.

நம் ஆசைக்காக ஒரு வாயில்லாச் சீவனை அந்த நிலையில் விடக்கூடாது. இப்போது நான் மாசி வீதியில் தெருநாய்கள் நான்குக்குச் சோறு வைக்கிறேன். வீட்டுக்குள் எதையும் சேர்ப்பதில்லை.


கால்நடை, ஈரோடு – பிப்ரவரி 11, பிற்பகல் 2.40

நான் அரசு கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்த நாயைப் பற்றி யோசிப்பதற்கு முன் மணியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம் அம்மா.

கண்ணில் நீலம் பாய்வது பெரும்பாலும் வயதால் வருவது. விழிவில்லை இறுகுவதால் அப்படித் தெரியும். அதனால் பார்வை பெரிதாகக் கெடாது. பால்போல் வெளுத்தால் அது கண்புரை, காட்டிவிடுங்கள். பின்னங்கால் தடுமாற்றம் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். வழுவழுப்பான தரையில் பழைய சாக்கையோ மிதியடியையோ விரித்தால் எழுந்திருக்கத் தைரியம் வரும். மிகவும் கவனிக்க வேண்டியது தண்ணீர். வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்து அதிகமாகச் சிறுநீர் கழித்தால் சிறுநீரகம், சர்க்கரை இரண்டையும் பரிசோதிக்க வேண்டும். கருத்தடை செய்யாத பெட்டை நாய் என்றால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அது அவசரம், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

நீங்கள் மூட்டு வலிக்குச் சாப்பிடும் மாத்திரையில் பாதியை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள். அன்பினால் இப்படிச் செய்து நாயை இழந்தவர்களை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு, நாய்க்கும் ஆபத்து. ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வெங்காயம், சாக்லேட், திராட்சை கூடாது. நீங்கள் இருப்பது ஸ்ரீரங்கம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். சர்க்கரைப் பொங்கல் பிரசாதத்தில் உலர்திராட்சை இருக்கும், கொடுக்காதீர்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறக்கூடாது. மதுரை ஐயா, நீங்கள் சோறு வைக்கும் நான்கிற்கும் போட்டாயிற்றா? யாரையாவது கடித்தாலோ பிறாண்டினாலோ முதல் வேலையாகச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. பிறகு அன்றே மருத்துவமனை. அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தருகிறார்கள். வலி குறைந்துவிட்டது என்று மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தக்கூடாது.

உங்கள் கேள்விக்கு என் பதில்: குட்டி வேண்டாம். குட்டி இழுக்கும், கடிக்கும், இரவில் அழும், தடுப்பூசிக்கு அலைய வைக்கும், நன்றாக வளர்த்தால் 14 ஆண்டு இருக்கும். ஏழெட்டு வயதான, கருத்தடை செய்த, சாதுவான நாயை எடுங்கள். காப்பகங்களில் அந்த வயது நாயை யாரும் கேட்பதில்லை. உங்கள் வயதுக்கும் அதன் வயதுக்கும் கணக்குப் பொருந்தும்.


மூன்றாம்மாடி, சென்னை – பிப்ரவரி 12, காலை 6.15

அக்கா, என்னிடம் பூனைதான். எனக்கு 64 வயது. அடுக்ககத்தில் தனியாக இருக்கிறேன்.

எங்கள் கட்டடத்துச் சங்கத்தில் பிராணி வளர்க்கவே கூடாது என்று ஒருமுறை தீர்மானம் போட்டார்கள். குடியிருப்புச் சங்கம் பெரும்பான்மை இருந்தாலும் அப்படித் தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. அதை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள், ஆனால் என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஒன்றரை ஆண்டு அப்படியே ஓடியது.

தினமும் காலை ஆறு மணிக்கு நான் கீழே இறங்கி வாகன நிறுத்தத்தில் உள்ள மூன்று பூனைகளுக்குச் சோறு வைப்பேன். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். எழ முடியவில்லை, தொலைபேசி படுக்கையறையில். கீழே ஆறரை மணி வரைக்கும் பூனைகள் படிக்கட்டில் கத்திக்கொண்டே இருந்திருக்கின்றன. காவலாளி மேலே வந்து மணி அடித்தார். கதவை உடைக்க ஏற்பாடு செய்தவர் யார் தெரியுமா? அந்தத் தீர்மானத்தை எழுதிய செயலாளர்தான். ஆஸ்பத்திரிக்கும் அவரே தன் காரில் கொண்டுபோனார்.

இப்போது எங்கள் தளத்தில் தனியாக இருக்கும் நான்கு பேரும் ஒருவர் வீட்டுச் சாவியை மற்றவரிடம் வைத்திருக்கிறோம். காலை ஏழு மணிக்குள் பால் பாக்கெட் எடுக்கப்படாவிட்டால் கதவைத் தட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. நாய் வளர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் வீட்டுச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது அக்கா? அதை முதலில் சொல்லுங்கள்.


கடல்தாண்டி, சிங்கப்பூர் – பிப்ரவரி 12, இரவு 10.50

மகனின் இடத்திலிருந்து ஒருத்தி எழுதுகிறேன் அம்மா.

என் அம்மா கும்பகோணத்தில் தனியாக ஒரு நாயுடன் இருந்தார். நானும் உங்கள் மகனைப் போலவே வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்கவில்லை. அவர் இறந்த 16ஆம் நாள் காரியம் முடிந்து வீட்டைப் பூட்டியபோதுதான் நாய் வாசலில் நிற்பதைப் பார்த்தேன். அதுவரை அழாதவள் அங்கே உட்கார்ந்து அழுதேன். என்னால் கொண்டுவர முடியாது. நான் இருப்பது வீவக வீடு, அதாவது இங்கே அரசு வீடமைப்புக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு. பொதுவாக ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் பட்டியலில் உள்ள சிறிய இனமாக இருக்க வேண்டும். பூனைக்கே 2024 செப்டம்பரில்தான் அனுமதி வந்தது. அம்மாவின் நாய் கன்றுக்குட்டி உயரம்.

தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி போடும் அண்ணன் வந்து, "நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் விமானத்துக்கு நேரமாகிறது, கிளம்புங்கள்" என்றார். மாதம் பணம் அனுப்புகிறேன் என்றேன். "சாப்பாடு என் வீட்டுச் சோறு. அதற்குப் பணம் வாங்கினால் சரியாக இருக்காது. ஊசி போடும்போது மட்டும் கொடுங்கள்" என்றார். அம்மா அவரிடம் ஒருபோதும் இப்படி ஒரு உதவி கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் அவரை முன்பே அறிந்திருப்பேன். அந்த நாய் இப்போது அவருடைய வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் படம் அனுப்புகிறார்.

அம்மாவின் கடைசி நான்கு ஆண்டுகளில் என்னைவிட அந்த நாய்தான் அவருடன் இருந்தது. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது என்று இன்று நினைக்கிறேன். உங்கள் மகனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.


இயன்முறை, தஞ்சாவூர் – பிப்ரவரி 13, மாலை 5.30

நான் இயன்முறை மருத்துவர். நாயால் நடக்கத் தொடங்கினீர்கள் என்பதில் மகிழ்ச்சி அம்மா. ஆனால் நாயோடு நடந்து விழுந்து மணிக்கட்டு முறிந்து வருபவர்களும் என்னிடம் வருகிறார்கள். சங்கிலியைக் கையில் சுற்றிக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம். சுற்றாதீர்கள். பிடியைக் கையில் பிடித்தால் போதும், திடீரென்று இழுத்தால் விட்டுவிட வேண்டும். நாய் ஓடினால் பிடித்துக்கொள்ளலாம், உங்கள் இடுப்பு எலும்பு முறிந்தால் மாதக் கணக்கில் படுக்கை. கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்புப்பட்டை நல்லது. வீட்டுச் செருப்போடு நடக்கக் கூடாது, பின்புறம் பட்டை உள்ள காலணி வேண்டும்.

இன்னொன்று. 12 வயது நாய் பத்தடிக்கு ஒருமுறை முகர்ந்து நிற்கும். அது அதற்கான நடை. உங்கள் இதயத்துக்கு அது போதாது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது 2020இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது, அந்த அளவு. ஆகவே மணியை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் இன்னும் 20 நிமிடம் வேகமாக நடங்கள். அதோடு, வாரத்தில் மூன்று நாளாவது தசை வலுவுக்கும் நிலைதடுமாறாமல் இருப்பதற்கும் பயிற்சி செய்யுங்கள். நடை மட்டும் விழுவதைத் தடுத்துவிடாது.

ஒரு சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுவதும் எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் யாராவது இருக்கட்டும். 65 முதல் 69 வயது வரை உள்ள பெண்கள் 11 முறைக்குக் குறைவாக எழுந்தால் கால் வலு போதவில்லை, விழும் ஆபத்து இருக்கிறது என்று பொருள். பால் காயும் நேரத்தில் சமையல் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நில்லுங்கள், பிறகு விரல் நுனி மட்டும் மேடையில் படும்படி. கோலம் போடுவதை நிறுத்திவிடாதீர்கள். குனிந்து, குந்தி, எழுந்து, நகர்ந்து போடும் அந்தக் கால் மணி நேரத்துக்கு ஈடான பயிற்சியை நான் சொல்லித்தர முடியாது. முழங்கால் வலி இருந்தால் மட்டும் குந்தாமல் பாருங்கள்.


காவிரிக்கரை, ஸ்ரீரங்கம் – பிப்ரவரி 16, காலை 8.00

எல்லாப் பதில்களையும் இரண்டு முறை படித்தேன். சிங்கப்பூர் மகளே, உங்கள் பதிவை மகனுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். வெகுநேரம் அவன் பேசவில்லை.

நாற்காலிச் சோதனை செய்தேன். எட்டு முறை. 34 ஆண்டு உட்கார்ந்தே வேலை செய்த கால்கள். எதிர்வீட்டில் இப்போது குடிவந்திருக்கும் பெண்தான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். அவளிடம் நான் பேசியது அதுதான் முதல்முறை. அக்கா வீட்டில் வேறு யாரோ இருப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் இத்தனை நாள் ஒதுங்கியிருந்தேன். அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகன். கணவர் வெளிநாட்டில்.

சென்னைத் தங்கையே, என் வீட்டுச் சாவி அக்காவிடம் இருந்தது. அவருடைய பிள்ளைகள் சாமான்களை எடுத்துப்போனபோது அதுவும் போயிருக்கும். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. நீங்கள் கேட்கும்வரை அது நினைவுக்கே வரவில்லை.

மதுரை அண்ணா, தோளைத் தொடுவதை நீங்கள் எழுதியது என் மனத்தை விட்டுப் போகவே இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி மணியைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறேன். தயிர்சாதத்தில் உப்புப் போட்டால் சாப்பிடாது. இடி இடித்தால் பீரோவுக்குப் பின்னால் போய்விடும், இழுக்கக்கூடாது, விளக்கைப் போட்டால் போதும். இடது காதில் பழைய புண், அங்கே தொட்டால் உறுமும். 12 பக்கம் ஆகிவிட்டது.


வேப்பமரத்தடி, மதுரை – பிப்ரவரி 16, இரவு 7.45

நோட்டுப் புத்தகம் நல்ல காரியம். நான் அப்படி ஒன்று எழுதியிருந்தால்... சரி, விடுங்கள்.

கருத்து எனக்கு மாறவில்லை. இஸ்திரி போடும் அந்த மனிதர் கிடைத்தது சிங்கப்பூர் மகளின் நல்லூழ். எல்லாத் தெருவிலும் அப்படி ஒருவர் இருக்கமாட்டார். மருத்துவருக்கு: நான்கில் மூன்றிற்குத்தான் ஊசி போட்டிருந்தது. நான்காவது கைக்குச் சிக்காது. நீங்கள் எழுதிய பிறகு தொடர்ந்து மூன்று நாள் மீனும் சோறும் வைத்துப் பழக்கி, இன்று போட்டாயிற்று.


காவிரிக்கரை, ஸ்ரீரங்கம் – ஆகஸ்ட் 9, காலை 11.30

மணி போய்விட்டது.

ஜூனில் குடத்துத் தண்ணீரைத் தேடிப் போய்க் குடிக்க ஆரம்பித்தது. ஈரோடு டாக்டர் சொன்னது நினைவிருந்ததால் மறுநாளே கொண்டுபோனேன். சிறுநீரகம். ஒரு மாதம் சலைன் ஏற்றினோம். எதிர்வீட்டுப் பெண் தன் ஸ்கூட்டரில் பின்னால் என்னை உட்கார வைத்து, மடியில் மணியோடு ஓட்டிச் சென்றாள். ஆடிப்பெருக்கு நாளில் அம்மா மண்டபம் முழுக்கக் கூட்டம், வண்டி நகரவில்லை. இறங்கித் தூக்கிக்கொண்டு நடந்தோம். அது அவ்வளவு இலேசாகிவிட்டிருந்தது.

ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று மருத்துவர் சொன்னபோது இரண்டு நாள் கேட்டேன். அந்த இரண்டு நாளும் அது தண்ணீரைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் காலை நானே தொலைபேசியில் அழைத்தேன். என் மடியில் தலையை வைத்திருந்தது. கொல்லையில் மாதுளைக்குப் பக்கத்தில் புதைத்தோம். எதிர்வீட்டுப் பையன் அரை மாரி பிஸ்கட்டைக் கொண்டுவந்து வைத்தான். அக்கா செய்த வழக்கத்தை நான் அவனிடம் சொன்னதில்லை. காலையில் மணி வாசலில் நிற்பதைப் பார்த்துத் தானாகவே கொடுக்கத் தொடங்கியிருக்கிறான்.

மறுநாள் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. கையில் எதுவும் இல்லாமல் நடக்கத் தெரியவில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. ஆனாலும் நான்கு வீதியும் சுற்றி வந்தேன்.


கால்நடை, ஈரோடு – ஆகஸ்ட் 9, பிற்பகல் 1.10

நாட்டு நாய் 12 ஆண்டைக் கடந்து வாழ்ந்து, பயப்படாமல் மடியில் போயிருக்கிறது. உடனே கொண்டுபோனதால்தான் அந்த ஒரு மாதம் கிடைத்தது. இன்னும் முன்பே கவனித்திருக்கலாமோ என்று இரவில் யோசிப்பீர்கள். சிறுநீரகத்தில் பெரும்பகுதி கெட்ட பிறகுதான் வெளியே அறிகுறி தெரியும் அம்மா. உங்கள் தவறு எதுவும் இல்லை.


மூன்றாம்மாடி, சென்னை – ஆகஸ்ட் 9, இரவு 8.20

அக்கா, இந்த வாரம் தினமும் இரவு எட்டரைக்கு உங்களை அழைக்கிறேன். பேச வேண்டும் என்றில்லை. எடுத்தால் போதும்.


காவிரிக்கரை, ஸ்ரீரங்கம் – நவம்பர் 2, காலை 7.00

மூன்று மாதம் எதுவும் முடிவு செய்யவில்லை. மகன் ஒருமுறைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதியோர் இல்லத்துக்குப் போகும் ஒருவர் தன் நாயை விட்டுச் செல்ல இடம் தேடுகிறார் என்று எதிர்வீட்டுப் பெண் வந்து சொன்னாள். எட்டு வயது, பெட்டை, கருத்தடை ஆனது. போய்ப் பார்த்தோம். அவர் ஒன்றும் பேசாமல் அதன் ஊசி அட்டையை என் கையில் கொடுத்தார். அதன் பழக்கமெல்லாம் சொல்லுங்கள் என்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். ஒன்றரை மணி நேரம் சொன்னார். நடுவில் இரண்டு முறை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாதம் ஒரு ஞாயிறு அதை அவரிடம் அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு ஏதாவது ஆனால் எதிர்வீட்டுப் பெண் வைத்துக்கொள்வாள். அவளாகச் சொல்லவில்லை, நான் கேட்டேன். கேட்க எனக்கு எட்டு மாதம் ஆனது. அவள் அதிகம் யோசிக்கவில்லை. ஆனால் தன் கணவரிடமும் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன் என்றாள், மறுநாள் சொன்னாள். அஞ்சலகச் சேமிப்பில் இதற்கென்று தனியாகக் கொஞ்சம் பணம் போட்டு வைத்து மகனிடமும் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுச் சாவி அவளிடம், அவளுடையது என்னிடம்.

நாற்காலிச் சோதனையில் இப்போது 12.


வேப்பமரத்தடி, மதுரை – நவம்பர் 2, காலை 9.30

நீங்கள் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எட்டு மாதம் யோசித்துச் செய்திருக்கிறீர்கள், அதை மதிக்கிறேன்.

அது எப்படிச் சாப்பிடுகிறது?


காவிரிக்கரை, ஸ்ரீரங்கம் – நவம்பர் 2, காலை 9.50

முதல் இரண்டு நாள் தொடவில்லை அண்ணா. நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். அந்தப் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து தானும் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் அது தட்டில் வாய் வைக்குமாம். மூன்றாம் நாள் என் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து அதன் எதிரில் உட்கார்ந்தேன். சாப்பிட்டது.